ஆடாத முள்

என் கணவருக்கு இடது கணுக்காலுக்கு மேலே ஒரு புண். காலமெல்லாம் நின்றே வேலை பார்த்ததில் நரம்பு சுருட்டிக்கொண்டு, ரிட்டயரான பிறகு ஒருநாள் தோல் உடைந்துவிட்டது. மருந்தைவிட இதற்குக் கட்டுதான் முக்கியம் என்றார் தில்லை நகர் டாக்டர். பாதத்திலிருந்து முழங்கால் வரை இறுக்கிக் கட்டி, உள்ளே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மெல்லிய தகடு ஒன்றை வைத்தார். கட்டின் அழுத்தத்தை அது போனில் எண்ணாகவும் கோடாகவும் காட்டும்.

"உக்காந்திருக்கும்போது நாப்பதை ஒட்டி இருக்கணும் சார். ரொம்ப இறங்கிச்சுன்னா கட்டு தளர்ந்துடுச்சுன்னு அர்த்தம். நல்லா நடங்க," என்றார் டாக்டர். இவர் காதில் நாற்பது மட்டும்தான் விழுந்தது.

விழாமல் என்ன செய்யும்? திருவெறும்பூரில் இவர் பார்த்த வேலை அப்படி. பாய்லர் குழாய்களில் தண்ணீரை ஏற்றி, அழுத்தம் கொடுத்து, கேஜில் முள் ஆடாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆடினால் எங்கோ கசிகிறது. அதே கண்ணோடுதான் போனையும் பார்த்தார். முதல் நாள் ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் நடந்தபோது எண் அறுபதுக்கு ஏறியது, முப்பதுக்கு இறங்கியது, மறுபடி ஏறியது. பாதி வழியில் திரும்பி வந்து நாற்காலியில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தார். நாற்பது வந்து நின்றது. மனிதரும் அதோடு சரி.

தினமும் காவிரிக்கரை வரை போய் வந்தவர், தண்ணீருக்கும் பேப்பருக்கும் ஃபேன் ஸ்விட்சுக்கும் என்னைக் கூப்பிட்டார். "டாக்டர் நடக்கச் சொன்னாரேங்க," என்றால் போனைத் திருப்பிக் காட்டுவார்.

"பாரு, ஆடவே இல்ல."

மார்க் ஷீட்டைக் காட்டும் பையனைப் போல முகத்தில் அவ்வளவு பெருமை. எனக்கோ எரிச்சல் மண்டையைக் குடையும். ஆனால் சரியான எண்ணைக் காட்டுகிறவரிடம் என்ன சொல்லிச் சண்டை போடுவது? கால் கட்டிலிருந்து வாடை மட்டும் கூடிக்கொண்டே வந்தது. சாம்பிராணி போட்டுப் பார்த்தேன்.

கட்டு மாற்றப் போனபோது நர்ஸ் போனை வாங்கிப் பார்த்தார். "கோடு ஒரே சீரா இருக்கே சார். நடக்கவே இல்லீங்களா?"

"ஆட விடலம்மா," என்றார் இவர், ஷிப்ட் முடிந்து ரிப்போர்ட் சொல்பவரைப் போல.

நர்ஸ் கட்டைப் பிரித்தார். புண் அகன்றிருந்தது. பக்கத்தில் இன்னொன்று புதிதாக வாய் திறந்திருந்தது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன்.

"நடந்தா கெண்டைச் சதை ரத்தத்தை மேல தள்ளும் சார். அப்ப எண் ஏறி ஏறி இறங்கணும், ஆடுனாத்தான் நல்லது," என்றார் டாக்டர். "தொங்கப் போட்டே உக்காந்ததுல கால் வீங்கி, கட்டை முட்டிக்கிட்டு நின்னிருக்கு. அதான் எண் இறங்கல. இனியும் புண் சுருங்கலைன்னா தொடையிலேருந்து தோல் எடுத்து வைக்கிற மாதிரி ஆயிடும்."

ஆட்டோ காவிரிப் பாலத்தில் ஏறியதும் இவர் என் பக்கம் திரும்பினார். "முள்ளு ஆடுனா நல்லதுன்னு எங்கயாவது கேட்டிருக்கியா?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்குப் பயமாக இருந்தது. சொன்ன பேச்சைக் கேட்காதவர் என்றால் திட்டித் தீர்த்திருப்பேன். இவர் அந்த நாற்பதை அப்படியே கேட்டதால்தான் இப்படி ஆனது.

மறுநாள் காலை உத்திர வீதியில் நடக்கக் கூட்டிப்போனேன். டாக்டர் சொன்னது அவர் புத்திக்குப் புரிந்துவிட்டது, காலுக்குப் புரியவில்லை. போனில் எண் ஏறுவதைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிடுவார். நெற்றியெல்லாம் வியர்வை. இரண்டு வீடு தாண்டுவதற்குள் பலமுறை நின்றார். கடைசியில் போனை அவர் கையிலிருந்து பிடுங்கி நானே வைத்துக்கொண்டேன்.

"எவ்வளவு காட்டுது?" என்றார், தரையைப் பார்த்தபடி.

ஐம்பத்தெட்டு. முப்பத்தொன்று. மறுபடி ஐம்பத்தைந்து.

"நாப்பதுங்க."

"ஆடுதா?"

"ஆடலங்க," என்றேன். அவர் அடுத்த அடியை எடுத்து வைத்தார்.