வேதகிரியின் பிடித்தம்

உத்திரமேரூர் பக்கம் மாகறல் காலனியிலிருந்து ஆலை வேலைக்குப் போன முதல் ஆள் வேதகிரி. இருபத்தெட்டு வயது வரை அண்டைக் கழனிகளில் கூலிக்கு நாற்று நட்டவன், 1962இல் பல்லாவரம் பக்கம் தகரப்பெட்டி செய்யும் ஆலையில் சேர்ந்தான். நான்கு பேரோடு ஒரு குடிசையில் தங்கிக்கொண்டு, மாதம் ஒருமுறை ஊருக்கு வந்து போனான்.

முதல் சம்பளத்தில் ஒன்றரை ரூபாய்க்கு மேல் குறைந்தது. ஆபீஸ் கிளார்க் ராஜாராமிடம் போய் நின்றான்.

"இன்னா சார் இது? நான் ஒரு நாள்கூட லீவு போடலியே."

"இ.எஸ்.ஐ. பிடித்தம்பா. வேலையில அடிபட்டா வைத்தியமும் பாப்பாங்க, காசும் குடுப்பாங்க."

அதற்கு மேல் ராஜாராம் சொல்லவில்லை. வேதகிரிக்கும் கேட்கத் தெரியவில்லை.

மூன்றாம் மாதம் தகரம் வெட்டும் மிஷின் அவன் வலது கையில் இரண்டு விரல்களைக் கிழித்தது. இ.எஸ்.ஐ. டாக்டர் தையல் போட்டு, ஒரு வார ஓய்வுக்குச் சீட்டு எழுதினார். ஒற்றைக் கையால் சோறு பொங்க முடியாமல் வேதகிரி ஊருக்கு வந்துவிட்டான். புண் சீழ் பிடித்தது. உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் இன்னும் இரண்டு வாரம் கட்டுப் போட்டார்கள். அங்கே எழுதிக் கொடுத்த சீட்டையும் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு இ.எஸ்.ஐ. ஆபீசுக்குப் போனான்.

அங்கிருந்தவர் சீட்டைத் திருப்பித் தள்ளினார். "இது செல்லாது. வாராவாரம் எங்க டாக்டர்கிட்ட வந்து காட்டியிருக்கணும்."

"நான் கெடந்தது மாகறல்ல சார். எப்டி வாராவாரம் வர்றது?"

"அதுதான் ரூல்."

"புடிக்கறப்போ எந்த ஊர்க்காரன்னு பாத்தா புடிச்சீங்க?"

அவர் முதல் வாரப் பணத்துக்கு மட்டும் விண்ணப்பப் பாரம் கொடுத்தார். கட்டு அவிழ்த்த கையால் வேதகிரி கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டான். சேர்ந்த அன்று போட்ட கையெழுத்தோடு அது ஒத்துப்போகவில்லை என்று பாரமும் திரும்பியது. மடங்காத விரல்களைத் தூக்கிக் காட்டினான். கையெழுத்து அவனுடையதுதான் என்று ஆலையிலிருந்து கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். ராஜாராம் அந்த வாரம் லீவில் இருந்தார்.

நாலாவது நடையில் இடது கட்டைவிரல் ரேகை வைத்து, ஒரு வாரத்துக்கு அரைக்கூலி வாங்கினான். மற்ற இரண்டு வாரத்துக்கும் மனு எழுதிக் கொடுத்தான். ஆடி போய்த் தை வந்தது, பதில் வரவில்லை.

"வுட்டுத்தள்ளு," என்றாள் மனைவி ஜெயம்மாள். "வர்ற காசு பஸ்ஸுக்கே போவுது. இதுக்குப் போயி பேஜார் பட்டுக்கினு கீற."

"காசுக்காவ இல்லடி. சேக்கறப்பவே இந்த ரூலைச் சொல்லியிருந்தா, நான் அங்கியே எவன் வூட்லயாச்சும் கெடந்திருப்பேனே."

அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டு மறுபடியும் அந்த ஆபீசுக்குப் போனான். மனு கொடுத்ததற்கு அத்தாட்சி இருக்கிறதா என்று கேட்டார்கள்.