பக்கத்து பாட்டிலின் குமிழி

பொறாமை தையல்காரிக்குப் புதிதல்ல. சின்ன வயதில் அக்காவின் பின்னலைப் பார்த்து வயிறெரிந்தவள். கல்யாணமான பிறகு, நாத்தனாரின் மோட்டார் வைத்த தையல் மிஷினைப் பார்த்து எரிந்தாள். ஆனால் ஒன்றேகால் கிலோ எடையுள்ள ஒரு பெண் குழந்தையைப் பார்த்து எரிவோம் என்று அவளே நினைத்ததில்லை.

எட்டாம் மாதத்திலேயே அவசரப்பட்டு வந்துவிட்ட அவள் மகனும், ஆஸ்பத்திரியில் பக்கத்துத் தொட்டிலில் கிடந்த வங்கிக்காரியின் மகளும் ஒரே நாளில் பிறந்தவர்கள். நுரையீரல் முற்றாத பிள்ளைகள். காற்றை உள்ளே தள்ளும் குழாய் இருவர் மூக்கிலும் இருந்தது. அதன் மறுமுனை தண்ணீர் பாட்டிலில். அழுத்தம் சரியாக இருந்தால் பாட்டில் உலை மாதிரிக் கொதிக்கும். கொதிப்பு நின்றால் எங்கோ காற்று கசிகிறது.

தையல்காரிக்குக் காது எப்போதும் பக்கத்து பாட்டிலில்தான்.

"அக்கா, எம் பொண்ணுக்கு இன்னிக்குக் காத்துப் பிரஷரைக் குறைச்சுட்டாங்க!"

"அப்படியா, சந்தோஷம்மா." வாய்தான் சொன்னது.

அவள் மகனுக்கு இரண்டு முறை குழாயை எடுத்துப் பார்த்தாயிற்று. இரண்டு முறையும் அரை மணி நேரத்தில் விலா உள்வாங்க, திரும்ப மாட்டினார்கள். வியாழக்கிழமை இன்னொரு முறை பார்ப்பதாக டாக்டர் சொல்லியிருந்தார்.

செவ்வாய் மத்தியானம் வங்கிக்காரி குழந்தைக்குத் தாய்ப்பால் பீய்ச்சி எடுக்கப் போயிருந்தபோது, பக்கத்து பாட்டில் சட்டென்று அடங்கியது.

'நல்லா வேணும்' என்று தையல்காரியின் மனசு சிரித்தது. சிரித்து முடிப்பதற்குள் அந்தக் குழந்தையின் வாய் திறந்து கிடப்பது கண்ணில் பட்டது. மூக்கில் போகிற காற்றெல்லாம் வாய்வழியே ஓடிக்கொண்டிருந்தது. மகன் காலைப் பிடித்திருந்த கையை எடுத்து, அந்த மோவாய்க்குக் கீழே ஒரு விரலைக் கொடுத்து மெல்லத் தூக்கினாள். பாட்டில் மறுபடி கொதித்தது.

"எம் பிள்ளையை எதுக்குத் தொடுறீங்க?" வங்கிக்காரி வாசலிலேயே கத்தினாள்.

நர்ஸ் ஓடி வந்தாள். "ஒரு பிள்ளையைத் தொட்ட கையைக் கழுவாம இன்னொண்ணைத் தொடக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது? தள்ளுங்க." பிறகு பாட்டிலைப் பார்த்து, "பிடிச்சது சரிதான்" என்றாள்.

வங்கிக்காரி நன்றி சொல்லவில்லை. தையல்காரியும் எதிர்பார்க்கவில்லை, அந்த முதல் சிரிப்பு அவளுக்கல்லவா தெரியும்.

புதன்கிழமை அந்தப் பெண்ணுக்குக் குழாயை எடுத்து, அடுத்த அறைக்கு மாற்றிவிட்டார்கள். வியாழன் காலை மகனுக்கும் எடுத்தார்கள். அரை மணி, ஒரு மணி, மூன்று மணி. விலா இழுக்கவில்லை.

"இனி வேண்டாம்" என்றார் டாக்டர்.

தையல்காரி பெருமையோடு பக்கத்தில் திரும்பினாள். தொட்டில் காலியாக இருந்தது. இத்தனை நாள் எரிந்ததெல்லாம், காட்ட ஆளில்லாமல் வீணா? ஆஸ்பத்திரிச் செருப்போடு அடுத்த அறைக்கு நடந்தாள்.

"எம் பையனுக்கும் குழாயை எடுத்துட்டாங்கம்மா."

"எடுக்காம? பாட்டில் பாட்டிலாப் பால் குடிச்ச பிள்ளையாச்சே!" வங்கிக்காரியின் கண் தையல்காரியின் மாரில் பால் கசிந்து நனைந்திருந்த சட்டையில் நின்றது. "எனக்குப் பீச்சிப் பீச்சி எடுத்தாலும் அரைக் கரண்டிகூட வரல. பத்து நாளா உங்க பால் பாட்டிலையே பாத்துட்டிருந்தேன், போங்க."

தன்னைப் பார்த்தும் ஒருத்தி எரிந்திருக்கிறாள்! தையல்காரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.