மூன்று போனுக்கு ஒரே அக்கவுண்ட்

என் அண்ணன் வளைகுடாவில் ஏசி மெக்கானிக். லீவில் வரும்போது எங்களுக்குப் போன் வாங்கி வருவான். வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து அவனே எல்லாவற்றையும் அதில் போட்டுக் கொடுப்பான். அம்மா போன், என் போன், அவன் போன் மூன்றுக்கும் ஒரே அக்கவுண்ட், ஒரே பாஸ்வேர்ட். லப்பைக்குடிக்காட்டில் எங்கள் தெருவில் சபர் என்று வெளிநாட்டு வேலைக்குப் போகிற ஆண்கள் பலரும் வீட்டுக்கு இப்படித்தான் போன் அமைத்துக் கொடுக்கிறார்கள். “ஆளுக்கொன்னு வெச்சா மறந்துட்டு எனக்குத்தான் போன் அடிப்பீங்க” என்பான். முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிற எனக்கும் அதே மரியாதைதான்.

சுண்ணாம்புக்கல் சுரங்கங்களைச் சுற்றியுள்ள கிணறுகள் வற்றுவது பற்றியது என் ஆய்வு. லேப்டாப் செத்துப்போனதால் மூன்றாம் இயலை முழுக்கப் போனில், ஒரு டாக்குமெண்ட் ஆப்பில், பஸ்ஸில் உட்கார்ந்து அடித்தேன். அதை அரியலூரில் இருக்கும் என் நெறியாளரிடம் தாளில் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஃபைலாக அனுப்பினால் பார்க்க மாட்டார். “நான் வரிக்கு வரி படிக்கிறவன், ஒரு கமா தப்பா இருந்தாலும் திருப்பி அனுப்பிடுவேன்” என்பது அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொள்ளும் பெருமை. அவர் கையெழுத்துப் போடாவிட்டால் என் பதிவு காலாவதியாகும். அத்தனை வருட உழைப்பும் குப்பைக்குப் போகும்.

கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள் ஆப் படுத்துக்கொண்டது. ‘ஒத்திசைக்க முடியவில்லை. பிறகு முயலவும்.’ எதனால் முடியவில்லை என்று ஒரு வார்த்தை கிடையாது. உதவிப் பக்கத்தைத் திறந்தால், இணைய இணைப்பு உள்ளதா என்று பார்க்கச் சொல்கிறது. இணைப்பு இல்லாமல் அந்தப் பக்கத்தை நான் எப்படித் திறந்தேனாம்? அண்ணனுக்கு அடித்தேன். “நெட்ட ஆஃப் பண்ணி ஆன் பண்ணு புள்ள” என்றான். அவன் ஏசி பழுது பார்ப்பதும் இந்த லட்சணத்தில்தான் இருக்கும் என்று தோன்றியது.

நானே துருவியதில் விஷயம் தெரிந்தது. அக்கவுண்டில் சேமிக்கும் இடம் நிறைந்துவிட்டது. மூன்று பேர் போனிலிருந்தும் படங்கள் ஒரே இடத்தில் போய்க் குவிந்திருந்தன. வெள்ளிக்கிழமைதோறும் வரும் பூப்போட்ட ஜும்ஆ முபாரக் வாழ்த்துகள், அண்ணன் ரூமில் ஆக்கிய பிரியாணி, ஒவ்வொரு கோணத்திலும் அதே பிரியாணி. உட்கார்ந்து அழித்தேன். இடம் வந்ததும் ஆப் விழித்துக்கொண்டு அடுத்த இடியைப் போட்டது. போனில் ஒரு பிரதி இருக்கிறது, மேகத்தில், அதாவது அந்த அக்கவுண்டில், வேறொரு பிரதி இருக்கிறது, எது வேண்டும் என்றது. என்னைத் தவிர யாரும் தொடாத ஃபைலுக்கு எப்படி வேறொரு பிரதி முளைக்கும்?

மறுநாள் காலை பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மொபைல் கடைக்குப் போனேன். இரண்டையும் திறந்து பார்க்க வழி உண்டா என்று கேட்பதுதான் என் எண்ணம். கடைக்காரர் போனை வாங்கியதும் முதலில் பின்பக்கத்தைத் துடைத்தார். “ஃபார்மட் அடிச்சிருவோமா மேடம்?” என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் வாய் திறப்பதற்குள் எதையோ அழுத்தினார்.

“ரெண்டையும் ஒண்ணா சேத்துட்டேன் மேடம். ஒண்ணும் போகல, எல்லாம் உள்ளதான் இருக்கு.”

அந்தக் கெத்துக்கு ஒரு குறைச்சலும் இல்லை. கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன், இருந்தது. அரியலூர் பஸ்ஸும் நின்றது. ஏறிவிட்டேன். அங்கே ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, நெறியாளர் கையில் கொடுத்து, அவர் தலையை அசைத்த பிறகுதான் மூச்சு வந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் போனில் அதைப் படித்தேன். கிணறுகளின் ஆழம் பற்றிய பத்திக்குக் கீழே இப்படி இருந்தது: ‘சாப்டியாப்பா. இங்க அல்ஹம்துலில்லாஹ் எல்லாரும் நல்லாருக்கோம். முட்டி வலி இப்ப கொஞ்சம் பரவால்ல. ஒடம்பப் பாத்துக்க.’ அதற்குக் கீழே பதில்: ‘சாப்டேன்மா. மருந்த நிறுத்திடாதீங்க.’ அதற்குக் கீழே நிலத்தடி நீர்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கத்தினேன். அம்மா அசரவில்லை.

“குரூப்புல போட்டா சொந்தக்காரவுக எல்லாம் பாக்குறாக. இது ஏம் போன்லயும் தொறக்குது, இதுல மைக்க அமுக்கிப் பேசுனா அதுவே எழுதிக்கிது, அவன் மட்டுந்தான் பாப்பான்” என்றார்.

“நானும்தானே இருக்கேன் அதுல?”

“நீ இருந்தா என்ன, நம்ம புள்ளதான!”

அண்ணனைப் பிடித்துக் கேட்டேன். பார்த்தானாம், அம்மா ஆசையாகப் பேசுகிறது, என்னிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று பதில் போட்டானாம். ஆப்பையும் கடைக்காரரையும் திட்டிக்கொண்டிருந்த எனக்கு, மொத்தக் குடும்பமும் கூட்டுச் சேர்ந்து என் வாழ்க்கையில் மண்ணைப் போட்டிருப்பது அப்போதுதான் விளங்கியது. நெறியாளரிடம் போய்ச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. கமாவுக்கே திருப்பி அனுப்புகிறவர் முட்டி வலியைப் பார்த்தால் என்னையே துரத்திவிடுவார். அவர் கூப்பிடும்வரை போனையே எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூப்பிட்டார். போனேன். நாற்காலியில் சாய்ந்து, என் இயலை மேசைமேல் தட்டினார்.

“வரிக்கு வரி படிச்சேம்மா. நல்லா வந்திருக்கு. அங்கங்க குறிச்சிருக்கேன், சரிபண்ணிட்டு அடுத்த இயலுக்குப் போங்க.”

முதல் பக்கத்தில் கையெழுத்து இருந்தது. “ரொம்ப நன்றிங்க சார்” என்று சொல்லி வெளியே வந்து, வராந்தாவில் நின்று புரட்டினேன். எல்லாப் பக்கத்திலும், எல்லாப் பத்திக்கும், ஒரே மாதிரி சிவப்பு டிக். அம்மாவுக்கும் டிக், அண்ணனுக்கும் டிக். ‘முட்டி வலி இப்ப கொஞ்சம் பரவால்ல’ என்ற வரிக்கு எதிரே மட்டும் அழகான கையெழுத்தில், ‘சான்று தருக.’

இந்த மனிதருக்குப் பயந்தா வருடக்கணக்கில் நடுங்கினேன் என்று எனக்கே அருவருப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தை அம்மாவிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டு, சிவப்பு எழுத்தை நிதானமாகப் படித்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“பெரிய படிப்பு படிச்ச மனுசரு, எம்புட்டு அக்கறையாக் கேட்டிருக்காரு பாரு. டாக்டரு சீட்டு பீரோவுல இருக்கு, எடுத்துட்டுப் போயிக் காட்டு” என்றார்.