பேஸ்மென்ற்றில் ஊதா விளக்கு

விளக்கு தெரிவு செய்வதில் காட்டிய அக்கறையில் பாதியை என்னைத் தெரிவு செய்தபோது என் கணவர் காட்டியிருந்தால், நான் இன்றைக்கு வேறு யாருடைய வீட்டிலோ நிம்மதியாக இருந்திருப்பேன். அந்தப் பனிக்காலம் முழுவதும் அவர் சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்துக்கொண்டு விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளையா, ஊதாவா, எத்தனை வாட், எவ்வளவு சூடு, செடிக்கு மேலே எவ்வளவு உயரத்தில் தொங்கவிட வேண்டும். சோறு ஆறிப்போகும். கறியைத் திரும்பச் சூடாக்குவது நான்.

செடி என்றால் கறிவேப்பிலை இல்லை. கஞ்சா. இதை எழுதும்போது இப்போதும் கை ஒரு கணம் நிற்கிறது. எங்கள் ஊர்ச் செய்திகளில் கஞ்சா என்றால் கடற்கரையில் பிடிபட்ட பொதிகளும், அவற்றுக்குப் பக்கத்தில் தலை குனிந்து நிற்கும் ஆட்களுந்தான். மாதா கோயிலில் பீடப் பணியாளராக இருந்து வளர்ந்த ஒரு மனிதர், இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து, ரொக்ஸ்பரோவில் சொந்த வீட்டின் பேஸ்மென்ற்றில் அதை வளர்ப்பார் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன்.

அவருடைய இடுப்பில் போரில் பட்ட ஒரு ஷெல் துண்டு இருக்கிறது. எடுத்தால் கால் போகும் என்று ஊரில் இருந்த டொக்டர்மார் விட்டுவிட்டார்கள். இங்கே உள்ளவர்களும் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அதையே சொன்னார்கள். குளிர் தொடங்கினால் அது தன் வேலையைக் காட்டும். திடீரென்று கால் இறுகிப்போகும், பிறகு ஒருவர் தூக்கிவிடாமல் எழும்ப முடியாது. வலிக்குத் தந்த குளிசைகள் வயிற்றைப் புண்ணாக்கின. கடைசியில் வலி வைத்தியர் கஞ்சா எண்ணெயைப் பற்றிச் சொன்னார். இவர் ஒரு வருடம் மாட்டேன் என்று நின்றார். பிறகு ஒருநாள் நாக்குக்குக் கீழே சில துளி விட்டுக்கொண்டு படுத்தவர், விடியும்வரை அசையாமல் நித்திரை கொண்டார். அவர் அப்படித் தூங்கி நான் கண்டதே இல்லை. பயந்துபோய் மூக்கருகில் கையை வைத்துப் பார்த்தேன்.

இந்த மாகாணத்தில் சும்மா ஒருவர் வீட்டில் கஞ்சா வளர்க்க முடியாது. வைத்தியர் எழுதிக் கொடுத்து, ஒட்டாவாவில் உள்ள மத்திய அரசிடமிருந்து அனுமதி வந்தால் வளர்க்கலாம். அவருக்கு அனுமதி வந்தது. சட்டப்படி எல்லாம் சரி. அப்படியிருந்தும் வீட்டுக்குள் ஏதோ களவு நடப்பதுபோலவே நாங்கள் நடந்துகொண்டோம். பங்குத் தந்தையிடமாவது சொல்லிவிடுவோம் என்று நான் கேட்டேன்.

"நீர் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லாதையும்," என்றார். "இண்டைக்குச் சுவாமிக்குச் சொன்னால் நாளைக்குக் கோயில் முழுக்கக் கதைக்கும்."

விளக்கு வாங்க பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதிக்குப் போனோம். இந்தச் சாமான்கள் விற்கும் கடை ஒன்று அங்கே, எங்கள் ஆட்கள் மீனும் முருங்கைக்காயும் வாங்கும் கடைக்கு இரண்டு கதவு தள்ளி இருக்கிறது. பிரெஞ்சு கதைக்க நான் கூடப் போனேன். கடையில் நின்ற பெண் பொறுமையாகச் சொன்னாள். பெட்டியில் போட்டிருக்கும் வாட்டை நம்ப வேண்டாம், சுவரிலிருந்து உண்மையில் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று பாருங்கள். ஊதா விளக்கில் இலைக்கு நோய் வந்தாலும் தெரியாது, வெள்ளை நல்லது. இந்த நாட்டின் பாதுகாப்பு முத்திரை இருக்க வேண்டும். விளக்குக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பெட்டியைக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், அதுதான் சுடும். அவர் தலையாட்டிக்கொண்டே ஒரு வெள்ளை விளக்கைத் தெரிவு செய்தார். அதன் அட்டைப்பெட்டி ஒரு சின்ன மேசை அளவு இருந்தது. அதன் நான்கு பக்கமும் பச்சையாக, விரித்த கைபோல, கஞ்சா இலைப் படம்.

அந்த நேரம் பார்த்துக் கண்ணாடிக்கு வெளியே எங்கள் கோயில் அக்கா ஒருவர் மரக்கறிப் பையோடு பஸ்ஸுக்காக நின்றார். என் கணவர் பெட்டியை மெல்லக் கீழே வைத்தார்.

"பேந்து வருவம்," என்றார்.

பிறகு நாங்கள் போகவில்லை. இணையத்தில் வேறு இரண்டு விளக்குகள் எடுத்தார். அவை எழுத்தே இல்லாத மண்ணிறப் பெட்டியில் வந்தன. அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. ஆயிரம் வாட் என்று போட்டிருந்தார்கள். முத்திரை எதுவும் இல்லை. போட்டதும் பேஸ்மென்ற் முழுவதும் ஊதா நிறமாகி, அவருடைய முகமும் அந்த நிறமாகத் தெரிந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. சொன்னேன். "வெளிச்சம்தானே," என்றார்.

கறுப்புத் துணிக் கூடாரம் ஒன்றுக்குள் செடிகள். மணத்தையும் சூட்டையும் வெளியே இழுக்க மேலே ஒரு விசிறி. வெளியே தெரியாமல் இருக்க ஜன்னலுக்கு அலுமினியத் தாள் ஒட்டினார். அப்படியும் ஒரு ஓரத்தால் கசிந்த ஊதா, இருட்டியபின் வேலியோரத்துப் பனியில் விழும். தெருவில் நாயோடு நடப்பவர்கள் அந்த இடத்தில் கொஞ்சம் மெதுவாகிறார்கள் என்று எனக்குத் தோன்றும். விளக்கின் மின்சாரப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன், கை வைக்க முடியாத சூடு. சொருகியின் ஓரம் தேத்தண்ணிக் கறைபோல நிறம் மாறியிருந்தது. காட்டினேன். துடைத்துப் பார்த்தார், போகவில்லை. "எல்.ஈ.டி. லைற் நெருப்புப் பிடிக்காதப்பா," என்றார். எனக்குள் ஒரு பயம் வந்து உட்கார்ந்தது, அதன்பின் எழும்பவே இல்லை.

ஒக்டோபர் மாதம் எங்கள் ஆட்களிடையே மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும். ஒவ்வொரு மாலையும் ஒரு வீடு. வந்தவர்கள் செபமாலை சொல்லி, தேத்தண்ணி குடித்து, சுரூபத்தை அடுத்த வீட்டாரிடம் கொடுப்பார்கள். மாதாவை வேண்டாம் என்று ஒருவரும் சொல்ல முடியாது. சொன்னால் அந்த வீட்டில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் முறை வந்தபோது செடிகள் பூத்திருந்தன. பூத்தால் மணம் பொல்லாதது, படி ஏறி மேலே வரும்.

அவர் காலையிலிருந்தே வேலையில் இறங்கினார். விசிறியின் இரைச்சல் செபத்துக்குள் கேட்கும் என்று அதை நிறுத்தினார். மணம் வராமல் கூடாரத்தின் மேலும், அதற்கு வெளியே இருந்த மின்சாரப் பெட்டியின் மேலும் தடித்த குளிர்ப் போர்வைகளைப் போர்த்தினார். பேஸ்மென்ற் கதவுக்குக் கீழே துவாயைச் செருகினார். மிச்ச மணத்தை மூட மேலேயும் படியிலும் சாம்பிராணி போட வேண்டும் என்றார். சாம்பிராணிப் புகைக்கு அலாரம் கத்தும், ஆகவே இரண்டு தளத்து அலாரத்துக்கும் பற்றரியைக் கழற்றினார். எங்கள் வீடுகளில் கடுகு தாளிக்கும்போதே கழற்றுகிற பற்றரிதானே, அது ஒரு பெரிய விஷயமாக ஒருவருக்கும் படாது.

"லைற்றை எண்டாலும் நிப்பாட்டுங்கோவன்," என்று கேட்டேன்.

"பூக்கிற நேரம் ஒரு நாள் மாறினாலும் எல்லாம் பழுதாப் போகும். நீர் பலகாரத்தைப் பாரும்."

ஒரு மாலை இருட்டில் இருந்தால் அந்தச் செடிக்கு ஒன்றும் ஆகாது. இதை நான் பிறகு அறிந்தேன். இப்போதும் நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

இருட்டும் நேரம் ஆட்கள் வந்தார்கள். வாசலில் சப்பாத்துகள் குவிந்தன. வரவேற்பறை நிரம்பி, கொஞ்சப் பேர் குசினி வாசல்வரை முழந்தாளில் இருந்தார்கள். செபம் நடத்துவது நான். மெழுகுதிரிகளுக்கு நடுவில் மாதா, சுற்றி சாம்பிராணிப் புகை.

"நல்ல சாம்பிராணி," என்று பக்கத்தில் இருந்த அக்கா மெல்லச் சொன்னார். "எங்க வாங்கினனீங்கள்?"

"ஊரிலயிருந்து வந்தது, அக்கா."

செபமாலையின் ஐந்து தேவ இரகசியங்களில் இரண்டாவதைச் சொல்லும்போது என் கணவர் கதிரையை விட்டு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே போவதைக் கண்டேன். மூன்றாவதில் மணம் மாறியது. சாம்பிராணி தொண்டையை இப்படி அறுக்காது. இரண்டு மூன்று பேர் இருமினார்கள். ஒருவர் எழுந்து, சாம்பிராணி கூடிப்போச்சு என்பதுபோல எனக்குச் சிரித்துக்காட்டி, ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டுத் திரும்ப முழந்தாளிட்டார். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. வரக்கூடாது என்றுதானே எல்லாம் செய்து வைத்திருந்தோம். என் வாய் செபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது, காது மட்டும் தரைக்குக் கீழே இருந்தது.

நான்காவது தொடங்கியதும் கீழே ஏதோ விழுந்த சத்தம். மாமூட்டையைப் போட்டதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான். அவருடைய குரல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஒரு முனகல்கூட இல்லை. அந்த அமைதிதான் என்னை எழுப்பியது. செபமாலையைப் பக்கத்து அக்காவின் கையில் வைத்துவிட்டு எழுந்தேன். நான் தேத்தண்ணி பார்க்கப் போவதாக நினைத்து அவர் செபத்தைத் தொடர்ந்தார்.

படி இறங்கிப் போனேன், அவர் உள்ளிருந்து திரும்பத் துவாயைச் செருகியிருந்ததால் கதவு தள்ளுப்படவில்லை. தோளால் இடித்தேன். உள்ளே கூரையிலிருந்து பாதி உயரத்துக்குக் கரும்புகை தொங்கியது. ஒரு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது, புகை முழுக்க ஊதா நிறம். மின்சாரப் பெட்டி உருகி, அதன் மேல் கிடந்த போர்வையில் தீ ஊர்ந்து கூடாரத்தில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் அதற்குப் பக்கத்தில் தரையில் கிடந்தார். போர்வையை இழுக்கப் போய்க் கால் இறுகி விழுந்திருக்கிறார். சோபாத் தலையணை ஒன்றை இரண்டு கையாலும் வாயில் அழுத்திப் பிடித்திருந்தார். புகைக்காக என்று நினைத்தேன். கிட்டப் போனபோதுதான் உடம்பு குலுங்குவது தெரிந்தது. இருமல் வெளியே கேட்காமல் இருக்கத்தான் அப்படிப் பிடித்திருந்தார்.

தலைக்கு மேலே அத்தனை குரலும் ஒன்றாகச் செபம் சொல்லிக்கொண்டிருந்தன. அவரைத் தூக்கிப் பார்த்தேன், என்னால் முடியவில்லை. சுவரில் இருந்த மெயின் பிரேக்கரை இழுத்து விழுத்தினேன். வீட்டில் விளக்கெல்லாம் அணைந்தது. மேலே செபம் நின்றது. அந்தப் புகைக்குள் நான் கத்தினேன், என் குரல் எனக்கே தெரியவில்லை. ஆண்கள் நாலைந்து பேர் கைத்தொலைபேசி வெளிச்சத்தோடு இறங்கி வந்து அவரைக் கக்கத்தில் பிடித்து இழுத்துப் போனார்கள். யாரோ மாதாவைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். தீயணைப்புக்காரர் வந்து முடிக்கும்வரை நாங்கள் எல்லோரும் தெருவில், பாதிப் பேர் சப்பாத்து இல்லாமல், குளிரில் நின்றோம்.

பேஸ்மென்ற்றின் ஒரு பக்கம் கருகிப்போனது. வந்தவர்களுக்கு அனுமதியைக் காட்டினேன், பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். பற்றரி இல்லாத அலாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த தீயணைப்புக்காரரின் முகத்தை மட்டும் மறக்க மாட்டேன்.

கோயில் ஆட்கள் என்ன சொல்வார்கள் என்று இரண்டு வருடம் பயந்தோமே, அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. சோறும் கறியும் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். பஸ்ஸுக்கு நின்ற அந்த அக்கா என்னை நடைபாதைக்குக் கூட்டிக்கொண்டு போய், அந்த எண்ணெய் முழங்கால் நோவுக்கும் கேட்குமோ என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் வந்தது.

எல்லோரும் போனபின் அவருடைய கட்டிலருகில் உட்கார்ந்தேன். மூக்கில் ஒட்சிசன் குழாய். குரல் கரகரத்துக் கிடந்தது.

"ஏன் என்னைக் கூப்பிடேல்லை?" என்று கேட்டேன்.

"செபம் நடந்துகொண்டிருந்தது."

"நெருப்பு பக்கத்தில எரியுது. நீங்கள் எழும்ப ஏலாமல் கிடக்கிறியள். செபமோ?"

"கூப்பிட்டால் ஆக்கள் எல்லாம் இறங்கி வந்திருப்பினம்." கொஞ்ச நேரம் மூச்செடுத்தார். "முடியட்டும், எல்லாரும் போகட்டும், பிறகு கூப்பிடுவம் எண்டு கிடந்தனான்."

செபத்தில் இன்னும் இரண்டு தேவ இரகசியம் இருந்தது. அது முடியப் பிரார்த்தனை, பிறகு தேத்தண்ணி, ரோல்ஸ், பிறகு வாசலில் சப்பாத்தைப் போட்டபடி நின்று கதை. எங்கள் ஆட்கள் ஒரு வீட்டிலிருந்து புறப்பட ஒரு மணித்தியாலமாவது ஆகும். அது அவருக்கும் நன்றாகத் தெரியும்.