மஞ்சள் வைத்த கட்டுத்துணி

என் பீரோவின் மேல்தட்டில், ரேஷன் கார்டுக்கும் பழைய கண்ணாடிக் கூட்டுக்கும் நடுவில் ஒரு துணிச்சுருள் இருக்கிறது. நான்கு விரல் அகலம், உள்ளங்கையில் அடங்கும் உருட்டு. ஓரத்தில் ஒரு மஞ்சள் பொட்டு. இப்போது அது மஞ்சளும் இல்லை, பழுப்பும் இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் இதென்ன என்று கேட்டால், எகிப்துக்குப் போக வேண்டியது என்பேன். கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

கேரளம் என்ற ராஜ்யம் பிறந்த அதே வாரம் அது. நாகர்கோவில் பக்கமெல்லாம் சென்னை ராஜ்யத்தோடு போய்விட்டது, தமிழ் பேசுகிற நாம் மட்டும் இங்கே கேரளத்தில் மாட்டிக்கொண்டோம் என்று கரமனைத் தெருவில் வீட்டுக்கு வீடு புலம்பல். அத்திம்பேர் ஒருவர்தான் எகிப்தைப் பற்றிப் பேசினார். என் அக்காவின் கணவர்; நானும் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். ஒரு கம்பெனியில் குமாஸ்தா, எங்கள் தெரு வாசகசாலைக்குக் காரியதரிசி. கால்வாய் எங்களுடையது என்று சொன்ன குற்றத்துக்காக ஒரு நாட்டின்மேல் மூன்று நாடுகள் சேர்ந்து குண்டு போடுவதைப் பேப்பரில் உரக்கப் படித்துவிட்டு அவர் சொன்னார்: "நமக்குச் சுதந்திரம் கிடைச்சு ஒம்பது வருஷம்தான் ஆறது. இன்னொருத்தன் ஆத்துல கொள்ளைக்காரன் புகுந்தா நாம கதவைச் சாத்திண்டு இருக்கப்படாதாக்கும், கேட்டேளா!" பொய் சொல்லக் கூடாது. அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவருக்குப் பேச வரும், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

ரயிலடிப் பக்கம் தம்பானூரில் ஒரு லாட்ஜின் மாடியில் உதவிக் குழு ஒன்று கூடியது. மருந்தும் கட்டுத்துணியும் சேர்த்துப் பம்பாய்க்கு ரயிலில் அனுப்பி, அங்கிருந்து கப்பலேற்றுவதாக ஏற்பாடு. எங்கள் தெருவுக்கு அத்திம்பேர் பொறுப்பு. வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொல்லிவிட்டுக் காப்பி கேட்டார். அக்கா காப்பியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய், இரண்டு வருஷமாகத் திறக்காத டிரங்குப் பெட்டியைத் திறந்தாள்.

அந்தப் பெட்டியில் இருந்தவை எங்கள் அப்பாவின் பழைய வேஷ்டிகள். பிரசவத்துக்கும் பிறக்கிற குழந்தைக்கும் வேண்டுமென்று துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆக்கி, வேப்பிலை போட்டு மடித்து வைத்திருந்தாள். இரண்டு முறை பிரசவமாயிற்று. இரண்டு குழந்தைகளும் அழவே இல்லை. இனிமேல் வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னபிறகு பெட்டியைப் பூட்டிச் சாவியை அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டாள். அன்று அந்த வேஷ்டிகளை எடுத்து என் மடியில் வைத்துக் கிழிக்கச் சொன்னாள். "பேப்பர்ல படம் பாத்தியோடீ? ஆஸ்பத்திரில காயம்பட்டவா வெறுந்தரைல படுத்துண்டிருக்கா. யார் பெத்த பிள்ளையோ. இதாவது ஒரு உடம்புல படட்டும்." அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

நூல் பிடித்துக் கிழித்தோம். வெண்கல உருளியில் கொதிக்க வைத்து, யார் கையும் படாமல் மடிக்கொம்பால் எடுத்து உயரக் கொடியில் உலர்த்தினோம். குழு எழுதிக் கொடுத்தபடி ஒன்றுவிடாமல் செய்தோம். சுருட்டி அடுக்கியபிறகுதான் அக்காவுக்கு ஞாபகம் வந்தது. வெறும் வெள்ளைத் துணியை ஒருவருக்குக் கொடுக்கக் கூடாது, அமங்கலம். அதுவும் உயிருக்குப் போராடுகிறவனுக்கா? மஞ்சளைக் குழைத்துக் கிண்ணத்தை நான் பிடித்துக்கொண்டேன். அவள் ஒவ்வொரு சுருளின் ஓரத்திலும் ஒரு பொட்டு வைத்தாள். கடைசிப் பத்துச் சுருளுக்கு நான் வைத்தேன். பிழைத்து எழுந்திருக்கணும் என்று ஒவ்வொன்றுக்கும் முணுமுணுத்தாள். அத்திம்பேர் அதைப் பார்த்துக்கொண்டேதான் வெற்றிலை போட்டார்.

மூட்டையை அவர் கொண்டுபோனார். சாயங்காலம் வந்து, ரயிலேறியாச்சு என்றார். அதற்கப்புறம் அக்காவுக்கு ஒரே யோசனை. பம்பாய் வந்திருக்குமோ, கப்பல் ஏறியிருக்குமோ, மஞ்சளைப் பார்த்து அவர்கள் என்ன நினைப்பார்களோ. சண்டை நின்றது என்று பேப்பரில் வந்த அன்று பால் பாயசம் வைத்தாள். அத்திம்பேர் இரண்டு டம்ளர் வாங்கிச் சாப்பிட்டார். அந்த இரண்டாவது டம்ளரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

நான் அப்போது ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். ஒரு மாதம் கழித்து ஏதோ காகிதத்துக்காக அங்கே வந்தவர் அந்த உதவிக் குழுவில் வேலை பார்த்த மலையாளி. கரமனை என்றதும் முகம் சுளித்தார். உங்கள் தெருவிலிருந்து உபயோகித்த துணியையா அனுப்புவது, சீழ்க்கறையோடு இருந்தது, குழுவின் டாக்டர் பார்த்து அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றார். அது மஞ்சள் என்றேன். மனிதர் திகைத்துப் போனார். "ஐயோ, அது பறஞ்ஞா மதியாயிருந்நல்லோ!" சொல்லியிருந்தால் போதுமே, இன்னொரு தரம் கொதிக்க வைத்து எடுத்திருப்போமே என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். கொண்டுவந்தவர் ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு மூட்டையை வாங்கிக்கொண்டார் என்றார்.

வாசகசாலைக்கு நேரே போனேன். பெட்ரோமாக்ஸ் வைக்கிற அலமாரியில் மூட்டை அவிழ்ந்து கிடந்தது. பாதிச் சுருள்கள் இல்லை. இருந்தவற்றில் பலவற்றில் விளக்குக் கண்ணாடி துடைத்த கரி. சுத்தமாக இருந்த ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டேன். அத்திம்பேர் மேஜையில் உட்கார்ந்து ஏதோ தீர்மானம் எழுதிக்கொண்டிருந்தார்.

"மஞ்சள்னு ஒரு வார்த்தை ஏன் சொல்லலை, அத்திம்பேர்?"

"எப்படிச் சொல்றது? அதுக்கு முந்தின நாள்தான் அதே டாக்டர் முன்னால மூடப்பழக்கத்தை விடணும்னு பிரசங்கம் பண்ணியிருக்கேன். ஆத்துக்காரி பொட்டு வெச்சாள்னு சொன்னா எல்லாரும் சிரிக்க மாட்டாளா?" பேனாவை மூடினார். "ஆயிரக்கணக்குல மனுஷா சாகற இடத்துல ஒரு மூட்டைத் துணி போனா என்ன, போகாட்டா என்ன? முக்கியம் சாலிடாரிட்டி, நாம அவா பக்கம் நிக்கறோம்ங்கறதாக்கும். உங்கக்காகிட்ட சொல்லி வைக்காதே, தாங்க மாட்டா."

அழுக்கு மனைவி என்று பெயர் எடுத்தாலும் பரவாயில்லை, மஞ்சள் வைக்கிற மனைவி என்று தெரியக் கூடாது. கடல் தாண்டி இருக்கிறவனுக்காக நெஞ்சு துடிக்கும், அடுக்களையில் இருக்கிறவளுக்காக நாக்கு ஒருமுறை புரளாது. ஊருக்கு உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்.

நான் அக்காவிடம் சொல்லவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று வருஷங்கள் ஓடின. அத்திம்பேர் போன பிறகு அவள் என்னோடுதான் இருந்தாள். ஒருநாள் காய் நறுக்கும்போது என் விரல் வெட்டுப்பட்டது. புடவைத் தலைப்பைக் கிழித்துச் சுற்றிக்கொண்டே சிரித்தாள். "நம்ம துணியைக் கட்டிண்ட பிள்ளை இப்போ பேரன் பேத்தி எடுத்திருப்பான், இல்லையாடீ?" அந்த முகத்தைப் பார்த்து என்னால் வேறெதுவும் சொல்ல முடியவில்லை. "ஆமாம், எடுத்திருப்பான்" என்றேன். அத்திம்பேரை அவ்வளவு காலம் மனசுக்குள் வைது வந்தவள், அந்த ஒரு சொல்லில் அவருடைய குழுவில் சேர்ந்துவிட்டேன். அடுத்த வருஷம் அக்கா போனாள், அந்தப் பேரன் பேத்திகளை நம்பிக்கொண்டே.

இப்போதும் எங்கேயாவது ஒரு நாட்டுக்குள் இன்னொரு நாட்டின் பட்டாளம் புகுந்துகொண்டுதான் இருக்கிறது. டிவியில் பெரிய மனிதர்கள் நாங்கள் உங்களோடு நிற்கிறோம் என்கிறார்கள். நன்றாகத்தான் பேசுகிறார்கள். கேட்டு முடித்ததும் நான் பீரோவைத் திறந்து அந்தச் சுருளைக் கையில் எடுத்துப் பார்க்கிறேன். பொட்டு வைத்தது அக்காவா, நானா என்று இப்போது தெரியவில்லை. அப்பாவின் வேஷ்டி இன்னும் பூப்போலத்தான் இருக்கிறது. ஒரு குழந்தையின் உடம்பிலும் அது படவில்லை, ஒருவன் காயத்திலும் படவில்லை.