கணக்கு சார் நின்னு பேசின மார்கழி

எங்க வீட்டுக்காரர் சுவிசேஷமுத்து அம்பாசமுத்திரத்துல கணக்கு வாத்தியார். ‘வாயில என்ன கொழுக்கட்டையா?’ன்னு ஊரே கேக்கும், அப்படி ஒரு உம்மணாமூஞ்சி. காலையில ஆத்துக்குக் குளிக்கப் போனா தெருவுல ஒருத்தர் முகத்தையும் ஏறிட்டுப் பாக்க மாட்டாரு. கல்யாணமான புதுசுல எங்க அம்மாகிட்டச் சொல்லி அழுதிருக்கேன்.

அப்படிப்பட்டவரு தொண்ணூத்தாறு மார்கழியில திடீர்னு பேச ஆரம்பிச்சாரு. ஆத்துல இருந்து எங்க வீடு வரைக்கும் ஒரே மேடு. அந்த மேட்டுல வீட்டுக்கு வீடு நின்னு நலம் விசாரிக்காரு! பால்காரர் முத்துமாலைகிட்ட, “என்னவே, எருமை நல்லாருக்கா?” எதிர்வீட்டு கோமுகிட்ட, “முருங்கை காய்ச்சிருக்கா?” கோமு எங்கிட்ட ஓடி வந்து, “யக்கா, சாருக்கு என்ன மருந்து வச்சீய? தங்கமாப் பேசுதாரே!”ன்னா. எனக்கு எரிஞ்சுது. கட்டின பொண்டாட்டிகிட்டப் பேச வாயில்ல, எருமைய விசாரிக்காராம்.

ஒருநாள் துணி துவைக்க நானும் கூடப் போனேன். இறங்கும்போது பழைய ஆளேதான், ஒரு வார்த்தை இல்ல. திரும்பி ஏறும்போதுதான் பேச்சு. முத்துமாலை எருமைக் கதையைச் சொல்லிக்கிட்டே போறாரு, இவரு காதுல எதுவும் ஏறல. வாளிய வலது கைக்கு மாத்திட்டு எடது தோள்பட்டைய நீவுதாரு. நெத்தியெல்லாம் வேர்வை. பச்சத்தண்ணியில குளிச்சுட்டு வாற மனுசனுக்கு மார்கழிக் காலையில வேர்க்குமா? கொஞ்சம் நின்னதும் முகம் தெளிஞ்சு நடக்காரு. அடுத்த வீட்டுல மறுபடியும் நிக்காரு.

அப்பதான் எனக்கு வெளங்குச்சு. இந்த மனுசன் பேசுததுக்காக நிக்கல, நிக்கதுக்காகப் பேசுதாரு! வீட்டுக்கு வந்ததும் பிடிபிடின்னு பிடிச்சேன்.

“நெஞ்சுல அம்மிய ஏத்தி வச்ச மாதிரி இருக்கும், நின்னா போயிரும். நேத்து சும்மா உக்காந்திருக்கும்போதும் வந்துச்சு. வாயுதான், ஒரு சோடா வாங்கிட்டு வா”ன்னாரு.

“உங்க சோடாவுல இடி விழ!”ன்னு கத்திட்டு உடனே கார் பிடிச்சேன். பரீட்சைத் தாள் திருத்தணும், பள்ளிக்கூடத்துல தேடுவாங்கன்னு வழியெல்லாம் பேச்சு. ‘பேசாம வாங்க’ன்னு வாழ்க்கையிலேயே அன்னைக்குத்தான் அவரை அதட்டினேன். ஏசப்பா, இவரை எனக்கு விட்டுவையின்னு உள்ளுக்குள்ள ஒரே ஜெபம்.

பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரியில ஈசிஜி எடுத்துப் பாத்த டாக்டர், “வாயு இல்லம்மா, இருதயத்துக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்பு”ன்னாரு. “நடந்தா நெஞ்சு இறுக்கும், நின்னா விடும். கைக்கும் தோளுக்கும் பரவும், சிலருக்குத் தாடையிலகூட வலிக்கும், வேர்த்துக் கொட்டும். சும்மா இருக்கும்போதே வந்துட்டா அப்புறம் காத்திருக்கவே கூடாது. நல்லவேளை, நேரத்துக்குக் கூட்டிட்டு வந்தீங்க.” அங்கயே சேத்து, பிறகு வேலூருல ஆபரேஷனும் ஆச்சு.

கோடை லீவுல ஒருநாள், இனி ஆத்துக்குப் போகலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. மறுநாள் காலையில அவரு ஆத்துக்குப் போனதுல இருந்து நான் வாசல்லயே நின்னேன், கால் தரையில பாவல. அவரு குளிச்சுட்டு ஈரத் துண்டோட மேடேறி வாறாரு. முத்துமாலை வணக்கம் வச்சாரு, இவரு திரும்பல. கோமு, “சார், முருங்கை காய்ச்சுத் தொங்குது!”ன்னா. குனிஞ்ச தலை நிமிராம அவளைத் தாண்டி, என்னையும் தாண்டி, விறுவிறுன்னு உள்ள போயிட்டாரு.

கோமு மூக்கு விடைக்க வந்தா. “என்ன யக்கா, சாருக்கு எங்க மேல என்ன கோவம்? ஒரு வார்த்தை பேசல!”

நான் அவளைக் கட்டிப் பிடிச்சு அழுதுட்டேன். “ஆமாட்டி கோமு, பேசலட்டி! எங்கயுமே நிக்கலட்டி!”