வலது கணுக்காலில் ஒரு கை

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. எனக்குப் பேய் பிசாசு மீதெல்லாம் நம்பிக்கை கிடையாது. இருபது வருடமாக மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட் வேலை. முதுகு உடைந்து வருகிறவர்களை மறுபடி உட்கார வைப்பதும், முடிந்தால் நிற்க வைப்பதும்தான் என் பிழைப்பு. "அக்கா மண்டைக்குள்ள எலும்பும் நரம்பும்தான் இருக்கு, வேற எதுக்கும் இடமில்ல" என்று என் தம்பி கிண்டல் செய்வான். இது அந்தத் தம்பிக்கு நடந்தது. நான் பக்கத்தில் இருந்தேன்.

கதை புரிய வேண்டுமானால் கொஞ்சம் பாடம் கேட்க வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். தண்டுவடம் என்பது சுண்டுவிரல் பருமனுள்ள ஒரு கயிறு. முதுகெலும்புக்குள்ளே மூளையிலிருந்து இடுப்புக்குச் சற்று மேல்வரை இறங்குகிறது. அதிலிருந்து இரு பக்கமும் முப்பத்தோரு ஜோடி நரம்புகள் கிளம்புகின்றன. ஒவ்வொரு நரம்புக்கும் தோலில் ஒரு பட்டை சொந்தம். கை கட்டைவிரல் கழுத்தின் ஆறாவது நரம்புக்கு. தொப்புள் மார்பின் பத்தாவது நரம்புக்கு. கயிறு எந்த இடத்தில் அறுந்ததோ, அதற்குக் கீழே உள்ள பட்டைகள் எல்லாம் ஊமையாகிவிடும்.

பைக் விபத்துக்குப் பிறகு தம்பிக்குத் தொப்புளோடு சரி. அறுவை சிகிச்சை செய்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "கண்ணால பாத்துட்டேம்மா. முழுசா அறுந்திருக்கு. ஒரு இழைகூட மிச்சமில்ல."

விபத்தில் பைக்கின் பின்னால் இருந்தவள் அவன் மனைவி. நாங்கள் எல்லோரும் அவளைச் சின்னு என்றுதான் கூப்பிடுவோம். சின்னு பிழைக்கவில்லை. அது அவனுக்குத் தெரியாது. விபத்தே அவனுக்கு நினைவில்லை. "இப்ப சொன்னா தாங்க மாட்டார், கொஞ்சம் தேறட்டும்" என்றார் டாக்டர். சின்னு வேறு ஊர் மருத்துவமனையில் இருக்கிறாள், தாடையில் கம்பி கட்டியிருக்கிறார்கள், போனில் பேச முடியாது என்று நான்தான் கதை கட்டினேன். தேறட்டும் தேறட்டும் என்றே வாரங்கள் ஓடிவிட்டன. என் வீட்டு முன்னறையில் கட்டில் போட்டு அவனை வைத்திருந்தேன். "எப்பக்கா வருவா?" என்பான். "வருவாடா" என்பேன். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். அந்தப் பொய் என்னைத் தின்றுகொண்டிருந்தது.

தினமும் வேலை முடிந்து வந்ததும் அவனைப் பரிசோதிப்பேன். அவன் கண்ணை மூடிக்கொள்வான். நான் பஞ்சுத் திரியால் தொட்டு, "தெரியுதா?" என்பேன். நடுநடுவே தொடாமலே கேட்பேன். ஆசையில் யாராவது ஊகித்துச் சொல்கிறார்களா என்று கண்டுபிடிக்க எங்கள் தொழிலில் வைத்திருக்கும் பொறி அது. தம்பி ஒருநாளும் அதில் விழுந்ததில்லை.

அன்று சாயங்காலம் ஆறு மணி இருக்கும். நல்ல வெளிச்சம். பக்கத்து வீட்டில் யாரோ சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். பயப்படுவதற்கு ஏற்ற நேரமே அல்ல.

மார்பில் தொட்டேன். "தெரியுதா?"

"ம்."

விலா. "ம்." தொப்புளுக்குக் கீழே. "இல்ல." தொடை. "இல்ல."

பஞ்சை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எங்கும் தொடாமல் கேட்டேன். "தெரியுதா?"

"தெரியுது."

எனக்குக் கோபம் வந்தது. "டேய், ஊகிக்காத. நான் தொடவே இல்ல."

"நீ பிடிச்சிட்டுதானே இருக்க? வலது கணுக்கால்ல."

காலைப் பார்த்தேன். வெறும் கால். பக்கத்தில் ஒருவரும் இல்லை.

அறுந்த நரம்பு பொய் சொல்வதுண்டு. இல்லாத எரிச்சல், இல்லாத குடைச்சல்... நோயாளிகள் எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். "எப்படி இருக்குன்னு சொல்லு" என்றேன்.

"உள்பக்கம் ஒரு விரல். வெளிப்பக்கம் நாலு. மேல உள்ளங்கை."

கணுக்காலின் உள்பக்கம் ஒரு நரம்பின் பட்டை. மேல்பக்கம் இன்னொன்று. வெளிப்பக்கம் மூன்றாவது. நரம்பு பொய் சொன்னாலும் பெரும்பாலும் தன் பட்டையோடு நிற்கும். இது மூன்றையும் குறுக்கே வளைத்துப் பிடித்திருந்தது. நரம்புக்குக் கையின் வடிவம் தெரியாது.

அப்போதுதான் அந்தச் சத்தத்தைக் கவனித்தேன்.

படுக்கைப் புண் வராமலிருக்க அவனுக்குக் காற்று மெத்தை போட்டிருந்தோம். அதன் பம்ப் நாள் முழுக்க முனகிக்கொண்டே இருக்கும். கட்டிலில் யாராவது வந்து உட்கார்ந்தால் அந்த முனகல் கனத்துவிடும்.

ம்ம்ம்ம்ம்...

இப்போது கனத்திருந்தது.

நான் நின்றுகொண்டிருந்தேன்.

கால்மாட்டில் மெத்தை அமுங்கியிருந்தது.

"சில்லுன்னு இருக்குக்கா. சின்னு கை மாதிரி" என்று சிரித்தான். அவள் கை எப்போதும் அப்படித்தான். ஃப்ரிட்ஜிலேயே வைத்திருந்தாயா என்று கேலி செய்வான். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

"அக்கா... யாரு பேசறது?"

"யாரும் பேசலடா."

"பிடிச்சிருக்கேன், தெரியுதா... பிடிச்சிருக்கேன், தெரியுதா... இதையேதான் சொல்லுது."

ஆணி அடிப்பது நின்றிருந்தது. எனக்கு எதுவும் கேட்கவில்லை.

அவன் கண்ணைத் திறக்கவில்லை.

"அக்கா. சின்னு இருக்காளா?"

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. "இல்லடா. அன்னைக்கே போயிட்டா."

அவன் கத்தவில்லை. தலையை மட்டும் கொஞ்சம் தூக்கினான். கண்ணைத் திறந்து கால்மாட்டுப் பக்கம் பார்த்துப் பேசினான்.

"தெரியுது சின்னு. நல்லா தெரியுது."

பம்ப் முனகியது...

"சுண்டு விரலை எடுத்துட்டா."

...

"அடுத்ததும்."

...

"கட்டை விரல் மட்டும்தான் இருக்கு."

...

மெத்தை மெதுவாக மேலே எழும்பியது.

பிறகு அவன் அழுதான். மார்பு குலுங்கியது, தோள் குலுங்கியது. அந்தக் கால்கள் மட்டும் யாருடைய கால்களோ போல் அசையாமல் கிடந்தன. வெகுநேரம் கழித்து அவனே கேட்டதால் வலது கணுக்காலைத் தொட்டேன். கிள்ளினேன். "இல்லக்கா" என்றான். அதன் பிறகு இன்றுவரை இல்லைதான்.

சில நாள் கழித்து மருத்துவமனை வாசலில் ஒரு ஆம்புலன்ஸ் ஓட்டுநர் என்னை நிறுத்தித் தம்பியைப் பற்றி விசாரித்தார். அன்று அவர்களை ஏற்றி வந்தது அவர்தானாம். சின்னு அந்த நொடியே போய்விட்டாள் என்றுதான் எங்களிடம் சொல்லியிருந்தார்கள். வலிக்காமல் போனாளே, அது போதும் என்றேன். அவர் தரையைப் பார்த்தார்.

"உடனே போகலம்மா. நாங்க போனப்ப உயிர் இருந்துச்சு. வண்டிக்கு அடியில மாட்டியிருந்தாங்க. ஒரு கையை மட்டும் எட்டி அவரோட கணுக்காலைப் பிடிச்சிருந்தாங்க. உயிர் போனதுக்கு அப்புறமும் பிடி விடல. சுண்டு விரல்லேருந்து ஒவ்வொண்ணா நான்தான் பிரிச்சேன்."

"எந்தக் கால்?"

"வலது கால்."

"அவ ஏதாவது சொன்னாளா?"

"ஒண்ணையேதாம்மா திரும்பத் திரும்பச் சொன்னாங்க. 'பிடிச்சிருக்கேன், தெரியுதா'ன்னு. அவருக்கு நினைவு ஏது? கடைசிவரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. பதில் கிடைக்காமலே போயிட்டாங்க."